அமெரிக்காவின் இருகட்சி முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் இரண்டு கட்சிகளைத்தான் அனுமதிக்கிறதா?

இல்லை. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற பேச்சே கிடையாது. அதை எழுதியவர்கள் கட்சிகளை நாட்டைப் பிளக்கும் நோயாகவே கருதினர். குழுச் சண்டைகளின் தீமையைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் அதே ஆண்டில் நீண்ட கட்டுரை எழுதினார். 1796-இல் பதவியிலிருந்து விடைபெற்ற முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் பிரியாவிடை அறிக்கையில் கட்சி மனப்பான்மையைக் குறித்துக் கடுமையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கை வெளியான நாளில் கட்சிகள் ஏற்கெனவே பிறந்துவிட்டிருந்தன என்பதும், அவற்றில் ஒன்றைக் கட்டியெழுப்பியவர்களில் அதே மாடிசனும் ஒருவர் என்பதும் இந்த வரலாற்றின் முதல் முரண்.

யாரும் விரும்பாத கட்சிகள் எப்படித் தோன்றின?

வாஷிங்டனின் அமைச்சரவைக்குள்ளேயே தோன்றின. நிதித்துறைச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், விடுதலைப் போரில் மாநிலங்கள் பட்ட கடனை மைய அரசு ஏற்க வேண்டும் என்றும், தேசிய வங்கி ஒன்று வேண்டும் என்றும் திட்டமிட்டார். இது கடற்கரை நகரங்களின் வணிகர்களுக்கும் கடன் பத்திரம் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் சாதகமானது என்றும், மைய அரசுக்கு அளவுகடந்த அதிகாரம் தருவது என்றும் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் எதிர்த்தார். கடன் பிரச்சினை 1790-இல் ஒரு பேரத்தில் தீர்ந்தது: கடனை மைய அரசு ஏற்றது, அதற்கு ஈடாகத் தலைநகர் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குச் செல்வது என்று முடிவாயிற்று. 1791-இல் வங்கிச் சட்டம் நிறைவேறியபோது அத்தகைய சமரசம் எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் ஜெஃபர்சன், கவிஞர் பிலிப் ஃபிரெனோவைத் தம் துறையில் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்த்தினார். ஃபிரெனோ நடத்திய செய்தித்தாளோ ஹாமில்டனைத் தொடர்ந்து தாக்கியது. அரசுச் சம்பளம் பெறும் ஒருவர் அரசின் நிதிக்கொள்கையைத் தாக்கி இதழ் நடத்துவதை இன்று யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சியும், பிரிட்டனுடன் ஜான் ஜே செய்துவந்த ஒப்பந்தமும் பிளவை அமைச்சரவையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தன. ஹாமில்டன் தரப்பினர் ஃபெடரலிஸ்ட் கட்சியினர் ஆயினர். ஜெஃபர்சன் தரப்பினர் தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்று சொல்லிக்கொண்டனர். இன்று அப்பெயர் தாங்கும் கட்சிக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால், வரலாற்று நூல்கள் இவர்களை ஜனநாயகக்-குடியரசுக் கட்சி என்று குறிக்கின்றன.

கட்சிகள் வந்ததும் அரசமைப்புச் சட்டம் தடுமாறியதா?

தடுமாறியது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர்கள். ஒவ்வொரு தேர்வாளரும் இருவருக்கு வாக்களிப்பார், அதிக வாக்குப் பெற்றவர் குடியரசுத் தலைவர், அடுத்தவர் துணைத் தலைவர் என்பது தொடக்ககால ஏற்பாடு. கட்சியற்ற பெரியவர்களில் சிறந்த இருவரைப் பொறுக்கும் முறை அது. 1796-இல் ஃபெடரலிஸ்ட் ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகளுடன் தலைவராகவும், அவரது எதிரி ஜெஃபர்சன் 68 வாக்குகளுடன் துணைத் தலைவராகவும் ஆனார்கள். 1800-இல் ஜெஃபர்சன் கட்சியின் தேர்வாளர்கள் கட்டுப்பாட்டுடன் வாக்களித்ததால், அவரும் துணைத் தலைவர் பதவிக்கு நின்ற ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலை அடைந்தனர். முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அங்கே 1801 பிப்ரவரி 17-ஆம் நாள் 36-ஆவது வாக்கெடுப்பில்தான் ஜெஃபர்சன் தேர்வானார். 1804-இல் நடைமுறைக்கு வந்த 12-ஆவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று மாற்றியது. கட்சி என்ற பெயரைச் சொல்லாமலே கட்சிகளுக்கு இடம்கொடுத்த திருத்தம் அது.

அப்போது தொடங்கிய இரு கட்சிகளே இன்றுவரை நீடிக்கின்றனவா?

இல்லை. ஃபெடரலிஸ்ட் கட்சி பிரிட்டனுக்கு எதிரான 1812-ஆம் ஆண்டுப் போரை எதிர்த்தது. 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடி வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் குறைகளைப் பேசிய சில வாரங்களிலேயே போர் முடிந்துவிட்டதால், அக்கட்சிமீது நாட்டுப்பற்றற்றவர்கள் என்ற பழி விழுந்தது. அதிலிருந்து அது மீளவில்லை. 1820-இல் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து நிற்க ஆளே இல்லை, ஒரே ஒரு தேர்வாளர் மட்டும் வேறொருவருக்கு வாக்களித்தார்.

ஒற்றைக் கட்சி ஆட்சியில் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1824-இல் ஒரே கட்சியைச் சேர்ந்த நால்வர் மோதினர். ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குயின்சி ஆடம்ஸ் 84, வில்லியம் கிராஃபர்ட் 41, ஹென்றி கிளே 37 எனத் தேர்வாளர் வாக்குகள் சிதறின. பெரும்பான்மை இல்லாததால் மீண்டும் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது. கிளே ஆதரவுடன் ஆடம்ஸ் தலைவரானார், பிறகு கிளே வெளியுறவுச் செயலரானார். ‘ஊழல் பேரம்’ என்ற ஜாக்சன் தரப்பின் முழக்கம் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஓயவே இல்லை.

இன்றைய ஜனநாயகக் கட்சி அந்தக் கோபத்தில் விளைந்தது. ஆனால் அதைக் கட்சியாக்கியவர் ஜாக்சன் அல்ல, நியூயார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் வான் பியூரன். கட்சி என்பது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல, வடக்கையும் தெற்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் நல்ல கருவி என்று வெளிப்படையாக வாதாடிய முதல் தலைமுறை அவருடையது. அந்தக் கூரையின்கீழ் அடிமைமுறையைப் பற்றிப் பேசாதிருப்பதும் உடன்பாட்டின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடலாகாது. 1828-இல் ஜாக்சன் வென்றார். 1832-இல் பால்டிமோர் நகரில் கட்சியின் முதல் தேசிய மாநாடு கூடியது. எதிரணியினர் 1830-களின் நடுவில் விக் கட்சியாகத் திரண்டனர். அக்கட்சி 1840-இலும் 1848-இலும் குடியரசுத் தலைவர் பதவியை வென்றது.

இரண்டு முறை வென்ற விக் கட்சி ஏன் மறைந்தது? குடியரசுக் கட்சி எங்கிருந்து வந்தது?

அடிமைமுறை அதைப் பிளந்தது. 1852-இல் விக் வேட்பாளர் வின்ஃபீல்டு ஸ்காட் 31 மாநிலங்களில் நான்கை மட்டுமே வென்றார். அந்தத் தோல்வியைத் தாங்கிக்கொண்டு கட்சி தேறியிருக்கவும் கூடும். ஆனால் 1854-இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், மேற்குப் பகுதிகளில் குறிப்பிட்ட எல்லைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்ற 1820-ஆம் ஆண்டுச் சமரசத்தை ரத்துசெய்து, அங்குக் குடியேறுவோரே அதை முடிவுசெய்யலாம் என்றது. வடக்கு விக் கட்சியினரும் தெற்கு விக் கட்சியினரும் அதன்பின் ஒரே மேடையில் நிற்க வழியில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் விஸ்கான்சினின் ரிப்பன் என்ற சிற்றூரிலும், ஜூலையில் மிச்சிகனின் ஜாக்சன் நகரிலும் கூடியவர்கள் புதுக் கட்சி ஒன்றுக்கு அடித்தளமிட்டனர். வடக்கு விக் கட்சியினர், அடிமைமுறையை எதிர்த்த ஜனநாயகக் கட்சியினர், புதுப் பகுதிகளுக்கு அடிமைமுறை பரவுவதை எதிர்த்த சுதந்திர மண் கட்சியினர் ஆகியோர் அதில் சேர்ந்தனர். அப்போது விக் கட்சியின் இடத்தைப் பிடிக்க வேறொரு போட்டியாளரும் இருந்தது. கத்தோலிக்கக் குடியேறிகளை வெறுத்த அமெரிக்கக் கட்சி 1856-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லர்ட் ஃபில்மோரை நிறுத்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்றது. இருந்தும் எட்டுத் தேர்வாளர் வாக்குகளே அதற்குக் கிடைத்தன. முதல் தேர்தலிலேயே 114 வாக்குகள் பெற்ற குடியரசுக் கட்சி இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அடுத்த தேர்தலில், 1860-இல், ஆபிரகாம் லிங்கன் நால்வர் போட்டியில் நாட்டின் வாக்குகளில் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகப் பெற்று, 180 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். ஆறே ஆண்டுகளில் ஒரு கட்சி பிறந்து ஆட்சியைப் பிடித்தது. அப்படியொன்று அதன்பின் அமெரிக்காவில் நடக்கவே இல்லை.

ஏன் எப்போதும் இரண்டு? மூன்றோ நான்கோ ஆக முடியாததற்குக் காரணம் என்ன?

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி என்ற முறையில் மூன்றாம் இடத்துக்குப் பரிசு எதுவும் இல்லை. ஆகவே வாக்காளர்கள் வெல்லக்கூடிய இருவரை நோக்கி நகர்வார்கள் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950-களில் விளக்கினார். பிரதிநிதிகள் சபைக்கு இத்தகைய தொகுதிகள்தான் வேண்டும் என்று 1842-இல் ஒரு சட்டமும், 1967-இல் மற்றொரு சட்டமும் கூறின.

இந்த விளக்கம் பாதிதான் போதும். இந்தியா, கனடா, பிரிட்டன் ஆகியவற்றிலும் இதே எண்ணும் முறைதான், அங்கே பல கட்சிகள் வாழ்கின்றன. நாடாளுமன்ற முறையில், ஒரு மாநிலத்தையே தளமாகக் கொண்ட கட்சியும் முப்பது நாற்பது இடங்களுடன் ஆட்சியமைப்பில் பங்குகேட்கலாம். திமுக மத்திய அமைச்சரவைகளில் இடம்பெற்றதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஆட்சியதிகாரம் ஒரே மனிதரிடம் இருக்கிறது, அந்தப் பதவியைப் பங்கிட முடியாது. 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெற வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத்தின் எல்லா வாக்குகளும் போய்விடும். யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் தேர்ந்தெடுக்கும். ஆகவே தலைவர் பதவியை விரும்பும் யாரும் தேர்தலுக்கு முன்பே கூட்டணியை முடித்துவிட வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கட்சி ஒவ்வொன்றும் உண்மையில் அத்தகைய முன்கூட்டிய கூட்டணியே.

1854-இல் புதுக் கட்சி தொடங்க முடிந்தது. பிறகு ஏன் முடியவில்லை?

எண்ணும் முறை மாறவில்லை, வாக்குச்சீட்டு மாறியது. பலரும் கவனிக்காத இந்த மாற்றம் இருகட்சி முறையின் வரலாற்றில் மற்ற எதையும்விட முக்கியமானது என்பது என் கருத்து.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பட்டியலைத் தானே அச்சிட்டு வாக்குச்சாவடி வாசலில் கொடுக்கும், வாக்காளர் அதைப் பெட்டியில் போடுவார். அச்சுக்கூடமும் ஆட்களும் இருந்தால் எந்தக் கட்சியும் போட்டியிடலாம். ஆட்கள் இல்லாத ஊரில் வாக்கே கிடைக்காது என்பது இதன் மறுபக்கம். 1860-இல் தென்மாநிலங்கள் பத்தில் லிங்கனுக்குச் சீட்டே இல்லாமல் போனது இதனால்தான். எந்தச் சீட்டை யார் போடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் மிரட்டலும் விலைபேசலும் மலிந்திருந்தன.

இதைத் திருத்த, ஆஸ்திரேலியாவில் நடைமுறையிலிருந்த இரகசிய வாக்குச்சீட்டை 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஏற்றது. 1892-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் சீட்டை அரசு அச்சிடும்போது, அதில் யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பதையும் அரசே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. முடிவுசெய்த சட்டமன்றங்களில் அமர்ந்திருந்தவர்கள் இரு பெரிய கட்சியினர். சென்ற தேர்தலில் இத்தனை விழுக்காடு பெற்ற கட்சிக்குத் தானாக இடம், மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பம் திரட்ட வேண்டும் என்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் முளைத்தன.

இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. ஒரே வேட்பாளரை இரு கட்சிகள் நிறுத்தி வாக்குகளைச் சேர்த்து எண்ணும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. சிறிய கட்சிகள் தம் அடையாளத்தை இழக்காமல் பேரம்பேச அது உதவியது. 1890-களிலும் அதன் பிறகும் பல மாநிலங்கள் அதைத் தடைசெய்தன. நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில இடங்களில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. இத்தகைய தடை செல்லும் என்று 1997-இல் மின்னசோட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இருகட்சி முறைக்கு நடைமுறையில் சாதகமாக அமையும் நியாயமான விதிகளை மாநிலங்கள் இயற்றலாம் என்றும் கூறியது. அரசமைப்புச் சட்டம் பெயர்கூடச் சொல்லாத ஓர் அமைப்புக்கு இப்படிச் சட்டத்தின் காவல் கிடைத்தது.

மூன்றாம் கட்சிகள் எதையும் சாதிக்கவில்லையா?

பதவிகளைவிடக் கொள்கைகளில் சாதித்தன. உழவர்களின் மக்கள் கட்சி 1892-இல் 22 தேர்வாளர் வாக்குகள் பெற்றது. வருமானத்துக்கேற்ப உயரும் வரி, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை அதன் கோரிக்கைகள். 1896-இல் அக்கட்சி ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைத் தன் வேட்பாளராகவும் ஏற்று, அவரது தோல்வியோடு கரைந்துபோனது. அந்த இரு கோரிக்கைகளுக்கும் வழிவகுத்த அரசமைப்புத் திருத்தங்கள் 1913-இல் ஏற்கப்பட்டபோது, கேட்ட கட்சி இல்லை.

1912-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்து, பதவியிலிருந்த டாஃப்டைவிட அதிக வாக்குப் பெற்று இரண்டாம் இடம் வந்தார். வாக்குப் பிளவில் 42 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். வாக்கு எவ்வளவு என்பதைவிட அது எங்கே குவிந்திருக்கிறது என்பதே முடிவை நிர்ணயிக்கும். 1968-இல் ஜார்ஜ் வாலஸ் 13.5 விழுக்காடு பெற்றாலும், அது தெற்கில் குவிந்திருந்ததால் ஐந்து மாநிலங்களை வென்றார். 1992-இல் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு பெற்றும், நாடெங்கும் பரவியிருந்ததால் ஒரு தேர்வாளர் வாக்கும் பெறவில்லை. 2000-இல் ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் ஜனநாயகக் கட்சி வேட்பாளரை 537 வாக்குகளில் வென்றார். அங்கே பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,000-க்கும் மேல் வாக்குகள் விழுந்திருந்தன. அந்தக் கணக்கு மறந்துபோகாதபடி ஒவ்வொரு தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியினர் நினைவூட்டி வருகின்றனர்.

அடிமைமுறையை எதிர்த்தது குடியரசுக் கட்சி. இன்று கறுப்பின வாக்காளர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியை ஆதரிப்பது எப்படி?

இது ஒரே நாளில் நடந்த இடமாற்றம் அல்ல. நூறாண்டுக்கும் மேலாக நடந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் வாக்குரிமை பெற்று லிங்கனின் கட்சியை ஆதரித்தனர். 1876-ஆம் ஆண்டுத் தேர்தல் தகராறில் முடிந்து, 185-க்கு 184 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் தலைவரானபின், தெற்கு மாநில அரசுகளுக்குத் துணைநின்ற மைய அரசின் படைகள் 1877-இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதன்பின் 1890-ஆம் ஆண்டு மிசிசிப்பி அரசமைப்பைத் தொடர்ந்து, வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுச் சோதனை போன்ற தந்திரங்களால் தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தன. தெற்கு நடைமுறையில் ஜனநாயகக் கட்சியின் ஒற்றைக்கட்சி நிலமாயிற்று. இருகட்சி நாடு என்று நாம் பேசும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பல தலைமுறைகளாக ஒரு கட்சிதான் இருந்தது என்பது இந்த வரலாற்றில் அடிக்கடி விட்டுப்போகும் செய்தி. வடக்கே வெர்மான்ட் மாநிலம் 1856 முதல் 1960 வரை எல்லாக் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியையே ஆதரித்தது.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது 1932-இல் வென்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தெற்கு வெள்ளையர், வடக்கு நகரத் தொழிலாளர், கத்தோலிக்கர், யூதர் ஆகியோரை ஒரே அணியில் சேர்த்தார். வடக்கே குடியேறியிருந்த கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் 1936-இல் அந்த அணிக்கு வந்தனர். ஒடுக்கியவரும் ஒடுக்கப்பட்டவரும் ஒரே கட்சியில் இருந்த அந்த ஏற்பாடு நீடிக்க முடியாதது. 1948-இல் ஹாரி ட்ரூமன் படையில் இனப்பாகுபாட்டை நீக்க ஆணையிட்டார். கட்சி மாநாடும் குடிமை உரிமைகளை ஆதரித்தது. அதை எதிர்த்துப் பிரிந்த ஸ்ட்ராம் தர்மாண்ட் நான்கு தென்மாநிலங்களை வென்றார்.

1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73-க்கு 27 என்று நிறைவேறியது. ஆதரித்தோர் ஜனநாயகக் கட்சியில் 67 பேரில் 46, குடியரசுக் கட்சியில் 33 பேரில் 27. பிளவு அன்று கட்சியைவிடப் புவியியலைப் பின்பற்றியது. எதிர்த்த ஆறு குடியரசுக் கட்சியினரில் ஒருவரான பேரி கோல்டுவாட்டர் அவ்வாண்டு அக்கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். அவர் படுதோல்வி அடைந்தும், தம் சொந்த அரிசோனாவோடு ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களை வென்றார். தர்மாண்ட் அதே ஆண்டில் குடியரசுக் கட்சிக்கு மாறினார்.

பதவிகள் மெல்லத்தான் மாறின. தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது 1994-இல். ஜார்ஜியா மாநிலம், உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் முதன்முறையாக அக்கட்சியைச் சேர்ந்த ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது 2002-இல். வெர்மான்ட் 1992 முதல் எல்லாக் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகிறது.

வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுப்பதில்லையா?

முன்பு அப்படித்தான் இருந்தது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் எதிலும் போட்டியிடாமலே, கட்சி நிர்வாகிகளின் ஆதரவால் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வேட்பாளரானார். மாநாட்டுக்கு வெளியே காவல்துறையினர் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களை அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன்பின் கட்சி அமைத்த ஆணையம் விதிகளை மாற்றியது. 1972 முதல் வேட்பாளரை முடிவுசெய்யும் அதிகாரம் முதல்நிலைத் தேர்தல்களில் வாக்களிக்கும் சாதாரண வாக்காளர்களிடம் சென்றது, குடியரசுக் கட்சியும் விரைவில் அதே வழியில் நடந்தது.

வெளியே புதுக் கட்சி தொடங்குவதைச் சட்டங்கள் கடினமாக்கியிருக்க, உள்ளே நுழைந்து பழைய கட்சியைக் கைப்பற்றுவதை இந்த மாற்றம் எளிதாக்கியது. அதனால் கலகக்காரர்கள் வழிமாறினர். 2014-இல் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேன்டர், அரசியலுக்குப் புதியவரான ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். 2016-இல் அதுவரை எந்த அரசுப் பதவியும் வகித்திராத டொனால்டு டிரம்ப் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். அதே ஆண்டில், சுயேச்சையாக செனட்டுக்குத் தேர்வான பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தல்களில் ஹிலாரி கிளின்டனுக்குக் கடும் போட்டியாக விளங்கினார். 1854-இல் இருந்திருந்தால் இவர்கள் புதுக் கட்சி கண்டிருக்கக்கூடும்.

யானை, கழுதை, சிவப்பு, நீலம் எப்போது வந்தன?

குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை என 1870-களில் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் இரு விலங்குகளையும் பரப்பினார். ஜாக்சனை எதிரிகள் கழுதை என்று ஏசியது அதற்கும் முந்தியது. நிறங்கள் மிகப் புதியவை. தொலைக்காட்சிகள் முன்பு தேர்தலுக்குத் தேர்தல் நிறத்தை மாற்றிக் காட்டின, 2000-ஆம் ஆண்டின் நீண்ட தகராறின்போதுதான் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்பது நிலைபெற்றது.

இருகட்சி முறையைத் தளர்த்த இப்போது முயற்சிகள் நடக்கின்றனவா?

நடக்கின்றன, மாநில அளவில். கலிஃபோர்னியா 2010-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே முதல்நிலைத் தேர்தலில் நின்று முதல் இருவர் இறுதிக்குச் செல்லும் முறையை ஏற்றது. மெய்ன் மாநிலத்தில் வாக்காளர்கள் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தலாம். கடைசி வேட்பாளர் நீக்கப்பட்டால் அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்லும் என்பதால், மூன்றாம் கட்சிக்கு வாக்களித்து வாக்கை வீணாக்கும் அச்சம் குறைகிறது. அலாஸ்கா இதே வரிசைமுறையை 2022 முதல் பயன்படுத்துகிறது.

ஆனால் 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒரேகான் ஆகிய மாநிலங்களின் வாக்காளர்கள் வரிசைமுறை வாக்கைக் கொண்டுவரும் முன்மொழிவுகளை நிராகரித்தனர். அலாஸ்காவில் அம்முறையை நீக்கக் கோரிய முன்மொழிவு ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் தோற்றதால், அது அங்கே தொடர்கிறது.